அலுவலகச் சுவரில் பூஞ்சையா? முதலில் தண்ணீரைத் தேடுங்கள்

அலுவலகக் கட்டடப் பராமரிப்பு புதிதாக உங்கள் தலையில் விழுந்திருந்தால், அதிக நாள் ஆகாது, யாராவது வந்து சொல்வார்: "அந்த மூலையில சுவர் கறுத்துப்போயிருக்கு, ஒரு மாதிரி வாடை வேற வருது." வழக்கமாக என்ன நடக்கும்? சுத்தம் செய்பவரைக் கூப்பிட்டு பிளீச் ஊற்றித் தேய்க்கச் சொல்வார்கள். மேலே ஒரு கோட் பெயிண்ட். கொஞ்ச நாளில் அதே இடத்தில் அதே கறை, இந்த முறை இன்னும் அகலமாக.

பூஞ்சையின் வித்துகள் கண்ணுக்குத் தெரியாத தூளாக எல்லாக் காற்றிலும் மிதக்கின்றன. எவ்வளவு சுத்தமான கட்டடத்திலும் அவை இருக்கும். ஒன்றுவிடாமல் விரட்ட யாராலும் முடியாது. அவற்றுக்கு வேண்டிய உணவும் அலுவலகத்தில் தாராளம்: ஜிப்சம் போர்டின் மேல்காகிதம், ஃபால்ஸ் சீலிங் ஓடுகள், கம்பளத்தில் படிந்த தூசி, அட்டைப்பெட்டி, கோப்புகள். மனிதர்களுக்கு இதமான வெப்பநிலையே அவற்றுக்கும் போதும். ஆக, உங்களால் கட்டுப்படுத்த முடிவது ஈரம் ஒன்றைத்தான். கீழே சொல்லும் எல்லாப் படிகளும் அந்த ஈரத்தைச் சுற்றித்தான் போகும்.

சொட்டச் சொட்ட நனைந்தால்தான் பூஞ்சை வரும் என்றும் எண்ணிவிடாதீர்கள். ஒரு சுவரின் மேற்பரப்பை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் நாள்கணக்கில் 80 சதவீதத்துக்கு மேல் நின்றாலே போதும். தொட்டால் கை நனையாது, ஆனாலும் முளைத்துவிடும்.

படி 1: ஒரு சுற்று சுற்றி வாருங்கள்

கையில் நல்ல டார்ச், ஒரு சிறிய ஏணி, ஈரப்பதம் காட்டும் மீட்டர், கட்டடத்தின் வரைபடம். இவ்வளவு போதும். போக ஏற்ற நேரம் வார விடுமுறை முடிந்த காலை, ஆட்கள் வருவதற்கு முன்னால். இரண்டு நாள் மூடிக்கிடந்த அறைக்குள் நுழையும் அந்த முதல் நொடியில் மூக்கு சொல்வதை நம்புங்கள். ஐந்து நிமிடம் உள்ளேயே நின்றால் மூக்கு பழகிவிடும், அப்புறம் எதுவும் தெரியாது. மக்கிய, பழைய கோப்பு வாடை எந்த அறையில் வருகிறதோ அதை வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு கண்ணால் பார்க்க வேண்டியவை. ஃபால்ஸ் சீலிங்கில் காபி சிந்தியதுபோல் பழுப்பு வளையம் இருந்தால் அந்த ஓடு ஒன்றை மெதுவாகத் தூக்கி மேலே டார்ச் அடியுங்கள். வளையம் வளையமாக ஒன்றைச் சுற்றி ஒன்று இருந்தால், தண்ணீர் ஒருமுறை வந்து நின்றுவிடவில்லை, பல முறை சொட்டிக் காய்ந்திருக்கிறது என்று பொருள். ஜன்னல் சட்டத்தின் கீழ் ஓரம், வெளிச்சுவரை ஒட்டி நிற்கும் அலமாரியின் முதுகு, கழுவுதொட்டிக்கு அடியில், குடிநீர் எந்திரத்தின் பின்புறம், கோப்பு அறையின் தரைமட்டத் தட்டு, கம்பளத்தின் மூலைகள் என்று ஒவ்வொன்றாகப் போங்கள். பெயிண்ட் உப்பியிருக்கிறதா, சுவரின் அடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் பட்டை சுவரைவிட்டு விலகியிருக்கிறதா என்றும் கவனியுங்கள்.

செங்கல், காங்கிரீட் சுவரில் வெள்ளையாகப் பூத்திருப்பதெல்லாம் பூஞ்சை இல்லை. சுவருக்குள் ஓடும் ஈரம் உப்பை வெளியே தள்ளிவிட்டுக் காய்ந்துபோகும். அந்த உப்புப் பூப்பும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். சிறிது எடுத்துத் தண்ணீர்த் துளியில் போட்டால் உப்பு கரையும், பூஞ்சை கரையாது. ஆனால் உப்பாக இருந்தால் நிம்மதியாகப் போய்விடாதீர்கள். ஓதம் அங்கே இருக்கிறது என்பதற்கு அதுவும் சாட்சிதான்.

படி 2: தண்ணீர் எந்த வழியாக வருகிறது

இந்தப் படியில்தான் புதியவர்கள் அவசரப்படுகிறார்கள், இதில்தான் நிதானம் வேண்டும். அலுவலகத்துக்குள் ஈரம் வரும் வழிகளை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்: மழை, குழாய், காற்று.

மழையைக் கண்டுபிடிப்பது சுலபம். மழை பெய்த மறுநாள் கறை பெரிதாகிறதா என்று பாருங்கள். கறையின் ஓரத்தைப் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதிவைத்தால் வாதமே வேண்டாம். மொட்டைமாடியின் வடிகால் வாய் இலை அடைத்துக்கிடக்கிறதா, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் இடத்தில் விரிசல் இருக்கிறதா, ஜன்னலைச் சுற்றிய சிலிகான் காய்ந்து உரிந்திருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் உள்ளே நுழைந்த இடமும் சொட்டும் இடமும் நேருக்கு நேர் இருக்காது. தளத்தில் இறங்கி, இரும்புச் சட்டம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு பல அடி ஓடி, எங்கோ ஒரு மேசைக்கு மேல் வந்து விழும்.

குழாய்க் கசிவு மழையைப் பார்ப்பதில்லை. எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும் தண்ணீர் மீட்டர் சுற்றிக்கொண்டிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. மேல்மாடிக் கழிப்பறைக்கு நேர் கீழே உள்ள அறைகளை எப்போதும் ஒரு சந்தேகக் கண்ணோடு பாருங்கள்.

மூன்றாவது வழிதான் பெரும்பாலானவர்களை ஏமாற்றுவது. எங்கும் ஒழுகல் இல்லை, ஆனால் சுவர் பூத்திருக்கும். குளிர்ந்த தண்ணீர் உள்ள டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பது போலத்தான் இதுவும். வெளிக்காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்று சுமார் 25 டிகிரி உள்ள எந்தப் பரப்பைத் தொட்டாலும் தண்ணீராக மாறத் தொடங்கும். ஏசி ஓடும் அறையின் சுவர் 24 டிகிரியில் இருந்தால், வெளிக்காற்று இடுக்கு வழியாக உள்ளே வந்து அதைத் தொடும் இடமெல்லாம் வியர்க்கும். குளிர் நாடுகளில் கதை தலைகீழ்: உள்ளே இருக்கும் வெதுவெதுப்பான காற்று, வெளியே உறைந்துகிடக்கும் சுவரின் உட்புறத்திலும் ஜன்னல் கண்ணாடியிலும் வியர்க்கும். எந்தப் பக்கம் குளிர், எந்தப் பக்கம் ஈரம் என்று கேட்டுக்கொண்டால் போதும்.

ஏசி உள்ள கட்டடத்தில் இந்த வகை ஈரத்துக்குத் திரும்பத் திரும்ப வரும் காரணங்கள் சில உண்டு.

ஒன்று, அறைக்கு வேண்டியதைவிடப் பெரிய ஏசி. 'பெரியதாகவே போட்டுவிடுவோம், சீக்கிரம் குளிரும்' என்று வாங்கியிருப்பார்கள். சீக்கிரம் குளிரத்தான் செய்யும். அதனாலேயே சீக்கிரம் நின்றும்விடும். காற்றில் இருக்கும் ஈரத்தைப் பிழிந்தெடுக்க ஏசி நிற்காமல் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். அதற்கு வாய்ப்பே இல்லாததால் அறை சில்லென்று பிசுபிசுவென்று இருக்கும். அப்போது யாராவது தெர்மோஸ்டாட்டை இன்னும் இரண்டு டிகிரி குறைப்பார். சுவர்கள் இன்னும் குளிரும், பூஞ்சைக்கு இன்னும் கொண்டாட்டம்.

இரண்டு, கம்ப்ரசர் நின்ற பிறகும் விசிறி ஓயாமல் சுற்றும்படி வைத்திருப்பது. ஏசிக்குள் காற்றைக் குளிர்விக்கும் சுருளில் அப்போதுதான் சேர்ந்த தண்ணீரை அந்த விசிறியே மறுபடியும் அறைக்குள் ஊதிவிடும். ஈரமான பருவத்தில் சிறிய ஏசிகளின் விசிறியைத் தானியங்கி நிலையில் வைப்பது நல்லது. வெளிக்காற்றைக் கொண்டுவரும் மைய அமைப்பு என்றால் அதைக் கவனிக்கும் தொழில்நுட்பரிடம் கேட்காமல் கைவைக்காதீர்கள். ஆட்கள் மூச்சு விடவும் காற்று வேண்டுமே.

மூன்று, சுருளுக்கு அடியில் தண்ணீர் சேரும் தட்டு. அந்தத் தட்டில் தண்ணீர் தேங்கவே கூடாது, சரிவாக ஓடிக் குழாய்க்குள் போய்விட வேண்டும். மூடியைத் திறந்து விரலால் தொட்டுப் பாருங்கள். வழவழவென்று பாசிபோல் ஏதாவது ஒட்டினால் வடிகால் குழாய் பாதி அடைத்துவிட்டது என்று அர்த்தம். ஒரு குவளைத் தண்ணீரைத் தட்டில் ஊற்றினால் அது போகும் வேகத்திலேயே விஷயம் தெரிந்துவிடும்.

நான்கு, குளிர்நீர்க் குழாய்களின் மேல் சுற்றிய காப்புறை கிழிந்திருப்பது. ஒரு விரல் அகலக் கிழிசல் போதும், நாள் முழுக்கச் சொட்டும். ஃபால்ஸ் சீலிங் கறைகளில் இதுதான் காரணமா என்று பார்த்துவிட்டுப் பிளம்பரைக் கூப்பிடுங்கள். பார்க்காமல் கூப்பிட்டால், குழாய் ஒழுகவே இல்லை என்று அவர் சொல்லிவிட்டுப் போவார், அவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும்.

ஐந்து, கழிப்பறை, சமையலறையின் வெளியேற்று விசிறிகள். அவை வெளியே தள்ளும் அளவுக்கு ஈடான காற்று முறையாக உள்ளே வரவில்லை என்றால் கட்டடம் இடுக்கு இடுக்காக வெளிக்காற்றை உறிஞ்சும். நுழைவாயில் கதவைச் சிறிது திறந்து ஒரு காகிதத் துண்டைப் பிடியுங்கள். அது உள்நோக்கிப் பறந்தால், வெளியே இருக்கும் ஈரமெல்லாம் சுவர்ப் பொந்துகள் வழியாக உள்ளே வந்துகொண்டிருக்கலாம்.

வார இறுதியில் ஏசியை முழுக்க நிறுத்தும் வழக்கத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். மின்கட்டணம் மிச்சம்தான். ஆனால் ஈரப்பதம் எவ்வளவு ஏறுகிறது என்று அளந்துவிட்டு முடிவெடுங்கள். பதிவு வைத்துக்கொள்ளும் சிறிய மீட்டர்களை இரண்டு மூன்று அறைகளில் வைத்தால் ஒரே வாரத்தில் படம் தெளிவாகிவிடும். அறைக்குள் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 30 முதல் 50 வரை இருந்தால் நல்லது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது.

அலமாரிகளை வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிவைப்பது, வெளிச்சுவரின் உட்புறத்தில் வினைல் காகிதம் ஒட்டாமல் இருப்பது, இரண்டுக்கும் செலவே இல்லை. வினைல் காகிதம் பார்க்க அழகுதான். ஈரமான வெப்ப ஊர்களில் அதன் பின்னால் ஈரம் மாட்டிக்கொண்டு, காகிதத்தை உரிக்கும் நாளில்தான் அத்தனையும் தெரியவரும்.

படி 3: தண்ணீர் கொட்டிவிட்டால்

குழாய் வெடித்தாலும் மழைநீர் புகுந்தாலும் உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம் 24 முதல் 48 மணி நேரம். அதற்குள் நனைந்தவை காய்ந்துவிட்டால் பெரும்பாலும் பூஞ்சை வராது. ஆகவே 'திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்' என்ற பேச்சுக்கு இடமே இல்லை.

முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். நனைந்த பகுதியில் மின்சாரத்தைத் துண்டிக்க மின்பணியாளரைக் கூப்பிடுங்கள். பிறகு தண்ணீர் உறிஞ்சும் வேக்குவம், விசிறிகள், ஈரம் நீக்கும் எந்திரம். ஜன்னலைத் திறக்கும் முன் வெளியே காற்று உள்ளே இருப்பதைவிட உலர்ந்ததா என்று யோசியுங்கள். மழை நாளில் திறந்துவைத்தால் வேலை இரட்டிப்பாகும். ஏற்கெனவே பூஞ்சை பிடித்த இடம் என்றால் விசிறி போடவே கூடாது, வித்துகளை அறை முழுக்கத் தூவுவதுபோல் ஆகிவிடும்.

ஜிப்சம் போர்டு தரையிலிருந்து தண்ணீரை மேலே இழுக்கும். தரையில் இரண்டு அங்குலம் தண்ணீர் நின்றிருந்தால் போர்டில் ஈரம் அதற்கு மேலே வெகுதூரம் ஏறியிருக்கும். பொருளுக்குள் ஊறிய ஈரத்தைக் காட்டும் ஈரமானியால் எதுவரை என்று பார்த்துக் கோடு போடுங்கள். நனைந்த சீலிங் ஓடுகளையும் உள்ளே இருக்கும் கண்ணாடிநார்க் காப்பையும் காயவைத்துப் பார்ப்பதைவிட மாற்றிவிடுவதே மேல். வந்தது கழிவுநீர் என்றால் கம்பளம், போர்டு, மெத்தை நாற்காலி எதையும் காப்பாற்றப் பார்க்காதீர்கள்.

படி 4: நீங்களே செய்யலாமா, ஆள் வேண்டுமா

அதே அமெரிக்க முகமை பள்ளிகளுக்கும் வணிகக் கட்டடங்களுக்கும் 2001-ல் வெளியிட்ட வழிகாட்டியில் ஒரு எளிய அளவுகோல் இருக்கிறது. பூஞ்சை பரவிய பரப்பு 10 சதுர அடிக்குள் இருந்தால் சிறியது, 10 முதல் 100 வரை நடுத்தரம், 100-க்கு மேல் பெரியது. சிறியதைப் பயிற்சி பெற்ற உங்கள் பராமரிப்பு ஆட்களே செய்யலாம். பெரியதற்கு அனுபவமுள்ள நிபுணர் வேண்டும். நடுவில் இருப்பதற்கு இடத்தையும் சூழலையும் பார்த்து முடிவெடுங்கள். ஏசி டக்டுக்குள் பூஞ்சை, கழிவுநீர் கலந்த ஈரம், சுவருக்குள் எவ்வளவு என்று தெரியாத நிலை என்றால் பரப்பு எவ்வளவு சிறியதாகத் தெரிந்தாலும் நிபுணரிடம் விடுங்கள்.

காற்று மாதிரி எடுத்துச் சோதிக்கலாமா என்று யாராவது கேட்பார்கள். கண்ணுக்குத் தெரியும் பூஞ்சைக்குச் சோதனை பெரும்பாலும் வீண் செலவு. காற்றில் இத்தனை வித்துகள் இருந்தால் ஆபத்து, இத்தனை இருந்தால் பரவாயில்லை என்று உடல்நலத்தை வைத்து வகுத்த எல்லை எதுவும் கிடையாது. எந்த இனம் என்று தெரிந்தாலும் செய்யப்போகும் வேலை அதேதான். கறுப்பாக இருந்தால் விஷம், பச்சையாக இருந்தால் பரவாயில்லை என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். நிறத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

படி 5: சுத்தம் செய்வது

ஈரம் வந்த வழியை அடைத்த பிறகுதான் இந்தப் படி. சிறிய பரப்புக்கும் என்95 முகக்கவசம், ரப்பர் கையுறை, காற்றோட்டத் துளை இல்லாத கண் பாதுகாப்புக் கண்ணாடி மூன்றும் கட்டாயம். ஆஸ்துமா, ஒவ்வாமை, நோய் எதிர்ப்பு குறைந்தவர்களை இந்த வேலையில் விடாதீர்கள். அந்தப் பகுதிக்கான ஏசியை நிறுத்தி, காற்று வரும் போகும் வாய்களைப் பிளாஸ்டிக் தாளால் மூடி டேப் ஒட்டுங்கள். வேலையை ஆட்கள் இல்லாத நேரத்தில் வையுங்கள்.

கண்ணாடி, உலோகம், கடினப் பிளாஸ்டிக், டைல்ஸ் போன்ற ஈரம் உறிஞ்சாத பொருள்களைச் சோப்புத்தூள் கரைத்த தண்ணீரால் தேய்த்துத் துடைத்து, உடனே காயவைத்தால் போதும். உலர்ந்த பூஞ்சையைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், முதலில் நனைத்துவிட்டுத் தொடுங்கள். காகிதம் ஒட்டிய போர்டு, சீலிங் ஓடு, கம்பளம் போன்றவற்றுக்குள் பூஞ்சையின் இழைகள் இறங்கிவிடும். மேலே எவ்வளவு தேய்த்தாலும் உள்ளே இருப்பது இருக்கும். அவற்றை வெட்டியெடுத்து, அங்கேயே தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, பையின் வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டு, பிறகு வெளியே கொண்டுபோங்கள். திறந்த பையை லிஃப்டில் ஏற்றினால் எல்லா மாடிக்கும் கொஞ்சம் கொஞ்சம் விநியோகம் செய்தது மாதிரி. கடைசியில் அந்த இடத்தை, நுண்தூளையும் பிடித்துவைக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள வேக்குவத்தால் சுத்தம் செய்யுங்கள். சாதாரண வேக்குவம் நுண்தூளைப் பின்பக்கமாக ஊதிவிடும்.

பிளீச் பற்றி: வழக்கமான வேலைக்கு அது தேவையில்லை. செத்த பூஞ்சைகூட ஒவ்வாமையைக் கிளப்பும், ஆகவே அதைக் கொல்வதைவிட அகற்றுவதுதான் முக்கியம். எங்காவது பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால் அம்மோனியா உள்ள கழுவுதிரவத்தோடு கலந்துவிடாதீர்கள், நச்சுவாயு வரும்.

புது போர்டு போடும் முன் உள்ளே இருக்கும் மரமும் காங்கிரீட்டும் காய்ந்துவிட்டதா என்று ஈரமானியால் பாருங்கள். நனைந்த சுவரில் அது காட்டும் அளவை, எப்போதும் உலர்ந்தே இருக்கும் வேறொரு சுவரின் அளவோடு ஒப்பிட்டால் குழப்பம் வராது. பெயிண்ட் அடித்து முடித்துவிட அவசரப்படுத்துபவர்கள் இந்த இடத்தில் நிறையவே இருப்பார்கள். பொறுக்கச் சொல்லுங்கள்.

நனைந்த கோப்புகள் முக்கியமானவையாக இருந்து, உடனே காயவைக்க முடியாவிட்டால், பைகளில் போட்டு உறைபெட்டியில் வையுங்கள். உறைநிலையில் பூஞ்சை வளராது. பிறகு ஆவணப் பாதுகாப்பு நிபுணர்கள் உறைந்த நிலையிலேயே உலர்த்தித் தருவார்கள்.

அங்கே உட்கார்ந்து வேலை செய்பவர்களிடம்

உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்களில், ஓதமும் பூஞ்சையும் உள்ள கட்டடங்களில் இருப்பவர்களுக்கு மூச்சுத்தொல்லையும் ஆஸ்துமாவும் கூடுதலாக வருகின்றன என்று சொல்லியிருக்கிறது. ஆகவே தும்மலும் கண் எரிச்சலுமாக ஒருவர் வந்து புகார் சொன்னால் 'எனக்கு ஒன்றும் தெரியவில்லையே' என்று திருப்பி அனுப்பாதீர்கள். எந்த இடம், எந்த நேரம், விடுமுறையில் குறைகிறதா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரே வரிசையில் உட்காரும் நாலு பேர் ஒரே மாதிரி சொன்னால் அந்த வரிசையின் தலைக்கு மேல் உள்ள சீலிங்கைத் திறந்து பார்க்க வேண்டிய நேரம். வேலை நடக்கும்வரை அவர்களை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். என்ன கண்டோம், என்ன செய்கிறோம், எப்போது முடியும் என்று சுருக்கமாக எழுதி அனுப்புங்கள். பிளாஸ்டிக் தாளால் ஒரு பகுதியைத் திடீரென மூடிவிட்டுப் பேசாமல் இருந்தால் அரைநாளில் வதந்தி கட்டடம் முழுக்கச் சுற்றிவிடும்.

வாடகைக் கட்டடமாக இருந்தால் தேதியிட்ட படங்களோடு உரிமையாளருக்கு எழுத்திலேயே தெரிவியுங்கள். கூரையும் வெளிச்சுவரும் யார் பொறுப்பு, ஏசி யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்தில் பார்த்துவிட்டு எழுதினால் பாதிப் பேச்சு மிச்சம்.

வெளியாளைக் கூப்பிடும்போது

விலைப்பட்டியல் வாங்கும்போது முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "ஈரம் எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்?" அதற்குப் பதில் இல்லாமல் மருந்து, ஸ்பிரே, புகை என்று தொடங்குபவரை வணக்கம் சொல்லி அனுப்பிவிடுங்கள். ஓசோன் எந்திரம் வைத்தால் எல்லாம் செத்துவிடும் என்று சொல்பவரையும் அப்படியே. ஓசோன் நுரையீரலுக்குக் கெடுதல், ஈரச் சுவரை அது உலர்த்தவும் போவதில்லை. வெப்பப்படக் கேமரா கொண்டுவந்து நீலத் திட்டுகளைக் காட்டி இதெல்லாம் ஈரம் என்றால், அங்கே ஈரமானியை வைத்துக் காட்டச் சொல்லுங்கள்; அந்தக் கேமரா காட்டுவது குளிர்ச்சியை மட்டும்தான்.

வேலை ஒப்பந்தத்தில் இவை எழுத்தில் இருக்க வேண்டும்: எந்தப் பகுதியைத் தடுத்து மூடுவார்கள், உள்ளே இருக்கும் காற்றை வெளியே இழுத்து அழுத்தத்தைக் குறைத்துவைப்பார்களா, எதை அகற்றுவார்கள், எதைச் சுத்தம் செய்வார்கள், உலர்ந்துவிட்டது என்பதை எந்த அளவீட்டால் நிரூபிப்பார்கள். அதே நிறுவனமே சோதனையும் செய்து, சுத்தமும் செய்து, 'சரியாகிவிட்டது' என்ற சான்றும் தருவதாகச் சொன்னால் கடைசிப் பார்வையை வேறொருவரிடம் கொடுங்கள். பணத்தில் ஒரு பகுதியை, கண்ணுக்குப் பூஞ்சையும் மூக்குக்கு வாடையும் இல்லை என்று நீங்கள் உறுதி செய்த பிறகு தருவதாகப் பேசிக்கொள்ளுங்கள். கசிவு மழையால் வந்தது என்றால் அடுத்த நல்ல மழை வரைக்கும் அந்தத் தொகையை நிறுத்திவைக்கலாம்.